கறையான்கள் வேட்புமனு போட்ட கதை

ஒரு காட்டில் நூற்றுப் பதினேழு துப்பாக்கிகள் இருந்தன. புலிகள் நான்கே நான்குதான். இருந்தாலும் இங்கே எது ஆபத்தான மிருகம் என்று யாரைக் கேட்டாலும் புலி என்றுதான் சொல்வார்கள். பழக்கதோஷம்.

துப்பாக்கிகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். வேட்டைக்கு வந்த ஒரு கூட்டம், யானை பிளிறிய சத்தத்தில் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகப் போட்டுவிட்டு ஓடிப்போனது. ராஜா சிங்கம் உடனே ஒரு சட்டம் போட்டார். நம் பக்கத்துக் காடுகளில் சிங்கமே கிடையாதே என்று யாரும் கிளம்ப வேண்டாம். இவர் வெளியூர்க்காரர், இங்கே வந்து தேர்தலில் நின்று ஜெயித்தவர். துப்பாக்கி வேண்டுவோர் படிவம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றது சட்டம். படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான்: துப்பாக்கி எதற்காக? சிரமம் வேண்டாம் என்று பதிலையும் அவர்களே அச்சடித்திருந்தார்கள்: தற்காப்புக்காக. கீழே கால்ரேகை வைத்தால் போதும்.

காட்டுப்பன்றி வடமலையும் ஒன்று வாங்கினான். இரண்டு கோரைப்பற்களை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவனுக்கு இன்னும் என்ன தற்காப்பு என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

அந்தக் காட்டில் மரகதம் என்று ஒரு சருகுமான் இருந்தாள். சருகுமான் என்றால் பூனை அளவுக்குத்தான் இருக்கும். கொம்பு கிடையாது, சத்தமாகக் கத்தவும் வராது. அவளுக்கு இரண்டு குட்டிகள். மூத்தவள் செவந்தி, இளையவன் பூவரசு.

கோடை வந்தால் பாறைக்குட்டையில் மட்டும்தான் தண்ணீர். விடிந்ததும் வரிசை நிற்கும். நிற்க நேரமில்லாதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார்கள். வரிசை நகரும்போது பின்னால் நிற்பவர் அந்தக் கல்லையும் காலால் நகர்த்திவிடுவார். நமக்கும் தெரிந்த வழக்கம்தான். அன்றைக்கு ஒரு மந்தி கல்லை வைத்துவிட்டுப் போய், தன் முறை நெருங்கியதும் வந்து நின்றது. பின்னால் நின்றவன் வடமலை.

"எங்கடா நடுவுல பூர்ற?"

"என் கல்லு இருக்கே, கண்ணு தெரியல?"

"அப்ப கல்லு தண்ணி குடிக்கட்டும். நீ பின்னால போ."

மந்தி ஏதோ சொன்னது. வடமலை அதன் பாட்டியைப் பற்றி ஏதோ சொன்னான். துப்பாக்கி இல்லாத காலமாக இருந்தால் இரண்டு கடியோடு முடிந்திருக்கும். வடமலை சுட்டான். மந்தி மரத்துக்குத் தாவிவிட்டது. வரிசையில் மந்திக்கு நேர் முன்னால், தனக்கு முன்னே இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் செவந்தி. அவள் செத்துப்போனாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஏட்டுக் கரடி விசாரணை நடத்தினார். குறி வைத்தது மந்தியை, செத்தது மான். ஆகவே இது தவறுதலாக நடந்தது. மந்தியோ சாகவில்லை, ஆகவே அதிலும் குற்றமில்லை. விசாரணை முடிந்தது. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து வடமலையிடமே திருப்பிக் கொடுத்தார்.

காடே அழுதது. அதில் குறை சொல்ல முடியாது. அழுகையில் அந்தக் காட்டை அடிக்க ஆள் கிடையாது. குட்டையைச் சுற்றிக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ராஜாவின் முகம் எட்டடி உயரத்துக்கு, அருகே கைகூப்பிய வட்டச் செயலாளர்கள் வரிசையாக, கீழே மூலையில் தபால்தலை அளவுக்குச் செவந்தி. வடமலையும் ஒன்று வைத்தான். அவன் கண்ணாடி போட்டுப் போஸ் கொடுத்திருந்தான்.

ராஜா நேரில் வந்து மரகதத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பிடரி மயிருக்குள் அவள் முழுசாகக் காணாமல் போனாள். உள்ளேயிருந்தே கேட்டாள்.

"துப்பாக்கிய எல்லாம் வாங்கி வச்சிடுங்க ராஜா. இன்னும் ஒரு புள்ள இருக்கான் எனக்கு. அவனும் இதே வரிசையிலதான் நிக்கணும்."

"கண்டிப்பா சட்டம் போடுவோம்மா. ஆனா துக்க வீட்டுல சட்டம் பேசுனா நல்லாருக்காது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்."

நியாயம்தானே என்று அவளும் காத்திருந்தாள். பதினொன்றாம் நாள் ஒரு மரநாய் துப்பாக்கியைத் துடைக்கும்போது தன் மச்சானைச் சுட்டுவிட்டது. புது துக்கம், புது ஃபிளெக்ஸ். பதினாறை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்கள். பதினான்காம் நாள் ஒரு மயில் போனது. தேர்தல் வரும்வரை காட்டில் பதினாறாம் நாள் வரவே இல்லை.

இதற்கிடையில் மரகதம் ஒரு காரியம் செய்தாள். செவந்தியைத் துளைத்த குண்டு அதோடு நிற்கவில்லை. குட்டைக்கரையிலிருந்த கறையான் புற்றுக்குள்ளும் போயிருந்தது. உள்ளே முந்நூற்றுச் சொச்சம் பேர் செத்தார்கள். அவர்களுக்கு யாரும் ஃபிளெக்ஸ் வைக்கவில்லை, கறையானுக்கு முகம் எடுப்பாக விழாது என்று ஃபிளெக்ஸ்காரர் சொல்லிவிட்டார். மரகதம் புற்றின் ஓட்டையருகே போய் நின்றாள். உள்ளேயிருந்து ராணிக் கறையானின் குரல் வந்தது.

"யாரு?"

"நான் செவந்தியோட அம்மா. துக்கம் கேக்க வந்தேன்."



"எங்களக் கேட்டு வந்த மொத ஆளு நீதான் தாயி," என்றது அந்தக் குரல்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே குண்டுதானக்கா."

இரண்டு பேரும் அழுதார்கள். ஒருத்தி வெளியே, ஒருத்தி உள்ளே. அந்தக் கோடையில் படம் எடுக்க ஆளில்லாமல் அழுத அழுகை அது ஒன்றுதான்.

மழைக்கு முன்னால் தேர்தல் வந்தது. தேர்தல் அதிகாரி ஆமை. அவர் வந்ததும் போட்ட முதல் உத்தரவு: தேர்தல் முடியும்வரை எல்லாத் துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். எத்தனையோ வருடமாக இருக்கும் நடைமுறைதான். எல்லோரும் முனகிக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார்கள். கரடி ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, ரசீது கொடுத்து, உள்ளே வைத்துப் பூட்டினார். பதினாறு நாள் ஆனது. ஒருத்தரும் சாகவில்லை. இருபது ஆனது. வரிசையில் வடமலையும் மந்தியும் தினம் சண்டை போட்டார்கள், வாய்தான் வலித்தது.

மரகதம் காவல் நிலையத்துக்குப் போனாள்.

"ஏட்டையா, இப்ப மட்டும் எப்படி வாங்கி வச்சீங்க?"

"எலெக்சன் ஆச்சேம்மா. தலைவருங்க எல்லாம் வெளிய வர்ற நேரம். எவனாவது சுட்டுத் தொலச்சா யாரு பதில் சொல்றது?"

"எங்க புள்ளைங்க தினமும்தான வெளிய வருது."

கரடிக்கு அது புரியவில்லை. கெட்டவர் இல்லை, நிஜமாகவே புரியவில்லை. "அது எலெக்சன் இல்லையேம்மா," என்றார்.

"எப்ப திருப்பிக் குடுப்பீங்க?"

"ஓட்டு எண்ணி முடிச்ச ஏழாம் நாள்."

"எண்ணி முடிக்கலன்னா?"

கரடி அவளை நிமிர்ந்து பார்த்தார். "முடிக்காம எப்படிம்மா போகும்?"

அவள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டில் வாழும் எந்த உயிரும் போட்டியிடலாம். முன்மொழிய இன்னொரு உயிர் வேண்டும். மனு தாக்கல் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. அங்கிருந்து நேராகப் புற்றுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் தேர்தல் அலுவலக வாசலில் கறையான் வரிசை நின்றது. வால் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போன பருந்து மத்தியானம்தான் திரும்பியது. ஒவ்வொரு கறையானும் ஒரு மனு வைத்திருந்தது. ஒவ்வொன்றையும் அடுத்த கறையான் முன்மொழிந்தது. ஆமை ஒரு மனுவை மூன்று முறை படிப்பார், நான்காவது முறை சந்தேகத்துக்காகப் படிப்பார். பிறகு ஆளுக்கொரு சின்னம் ஒதுக்க வேண்டும், அதுவும் ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது. கொட்டாங்குச்சியும் சுள்ளியும் முதல் நாளே தீர்ந்தன. இரண்டாம் நாள் காய்ந்த இலையும் தீர்ந்து, பாதி காய்ந்த இலைக்கு வந்திருந்தார்.

ராஜா கொதித்துப்போய் வந்தார்.

"என்னய்யா இது கூத்து? எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணு."

"முடியாதுங்க. எல்லாம் முறைப்படி இருக்கு."

"பாத்து முடிக்க எத்தன நாளாகும்?"

"ரெண்டு லட்சத்துச் சொச்சம் மனு. ஒரு நாளைக்கு ரெண்டு பாப்பேன். ஒரு எரநூத்தி எழுவது, எண்பது வருசம் ஆகுங்க."

"அதுவரைக்கும் காட்டுக்கு ராஜா யாரு?"

ஆமை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதற்கும் அரை மணி நேரம் ஆனது.

"நீங்கதாங்க. காபந்து ராஜா."

ராஜா மெதுவாக உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வரிசையில் முதலில் நின்ற கறையானைத் தூக்கி நெற்றியில் முத்தமிட்டார். அடுத்த நாளே காடெங்கும் ஃபிளெக்ஸ்: கறையான் இனத்தின் காவலரே. தொடர்ந்து ஒரு சட்டமும் வந்தது. தேர்தல் காலத்தில் எங்காவது துப்பாக்கிச் சத்தம் கேட்டால் தேர்தலை ரத்து செய்து புதிதாக நடத்தச் சொல்லிவிடுவார்களோ என்று ராஜாவுக்குப் பயம். ஆகவே தோட்டா வைத்திருந்தால் காட்டைவிட்டு வெளியேற்றம். துப்பாக்கியின் படம் வைத்திருந்தால் அபராதம். வாயால் டுமீல் என்றாலும் எச்சரிக்கை. பொந்துக்குப் பொந்து சோதனை போட்டு ஒளித்து வைத்திருந்த பன்னிரண்டையும் பிடுங்கினார்கள். அத்தனை கெடுபிடியான சட்டத்தை எந்தக் காடும் பார்த்ததில்லை. செவந்திக்காக ஒரு வரிகூட எழுதாதவர்கள் நாற்காலிக்காக நாற்பது பக்கம் எழுதினார்கள். நல்ல சட்டம்தான். எனக்கு அதுதான் எரிச்சல்.

வடமலை மட்டும் தினம் காவல் நிலையத்துக்குப் போய்க் கம்பி வழியாகத் தன் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு வருவான். ஒரு நாள் மரகதத்திடம் வந்தான்.

"கறையான்கிட்ட சொல்லி மனுவ வாபஸ் வாங்கச் சொல்லுக்கா. துருப்பிடிக்குது, பாக்கவே மனசு கேக்கல."

"எம் பொண்ணு பேரு என்ன, சொல்லு."

வடமலை தலையைச் சொறிந்தான். "பேனர்ல போட்டிருந்தேனேக்கா. என்னமோ பூப் பேரு."

அவள் திரும்பி நடந்தாள். அவனும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த கோடையில் பாறைக்குட்டையில் வழக்கம்போல வரிசை நின்றது. பூவரசு அம்மாவோடு நின்றிருந்தான். அந்த நேரம் பார்த்து மூங்கில் புதரில் ஒரு காய்ந்த மூங்கில் படீரென்று வெடித்தது. வரிசையில் நின்ற பெரியவர்கள் எல்லோரும் தரையோடு தரையாக விழுந்தார்கள். மந்தி விழுந்தது. வடமலையும் விழுந்தான், முகத்தைக் கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டான். மரகதம் பூவரசைக் கீழே தள்ளி மேலே படுத்தாள்.

துப்பாக்கிச் சத்தம் நினைவில்லாத மற்றக் குட்டிகள் மட்டும் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தன. முன்னால் ஆளில்லை என்றதும் நேராகப் போய்த் தண்ணீர் குடித்தன.

"ஏம்மா எல்லாரும் படுத்துட்டீங்க?" என்றான் பூவரசு, அவள் வயிற்றுக்கடியிலிருந்து தலையை நீட்டி. "எந்திரிம்மா, நம்ம முறை வந்துருச்சு."

நீதி: பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றுவது ரொம்பச் சுலபம். அதனால் யாருடைய நாற்காலியாவது தப்பிக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.