கோடிச் சீலையும் ஒட்டிப்போன கதவும்

எனக்குக் கைவேலை எதுவும் வராது என்பது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரிய ஐம்பத்து மூன்று வயது ஆயிற்று. அதுவும் ஒரு சாவு வீட்டு வாசலில் வைத்துத்தான் தெரிந்தது.

செல்போனில் வீடியோ பார்த்துக் கெட்டுப்போனவன் நான். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் ஒன்றை, உள்ளே இரண்டு கட்டிலும் ஒரு அடுப்பும் வைத்தது, பழசாக வாங்கிச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்தேன். (அண்ணாச்சி கோழி யாவாரத்தில் இறங்கிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.) அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் என் தங்கை கோமதி. திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

"எண்ணே, உவரிக்குக் கூட்டிட்டுப் போ. கடலுக்கு நேரா நிப்பாட்டு. நான் படுத்துக்கிட்டே அலையப் பாக்கணும்."

"போவோம்ட்டி. டிக்கிக் கதவு ஆடுது. அத மட்டும் சரி பண்ணிக்கிடுதேன்."

டிக்கி என்றது, கட்டிலுக்கு அடியில் சாமான் வைக்கிற இடத்தை. வெளிப்பக்கம் அதற்கு ஒரு கதவு. அதன் சட்டம் ஆடியது. போகிற போக்கில் கதவு திறந்து சாமானெல்லாம் ரோட்டில் விழுந்துவிடுமாம். இதைச் சொல்லியே மூன்று வருஷம் ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், சோம்பேறித்தனம். "உன் கதவு சரியாகுததுக்குள்ள என் பேரன் கடலப் பாத்துருவான்" என்பாள். அப்போது அவள் மகள் செல்விக்குக் கல்யாணமே ஆகவில்லை.

வெல்டிங் கடைக்காரர் சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பின்னால பலகை மழையில ஊறி உளுத்துப் போச்சு. சட்டத்தக் கழட்டிப் பலகைய மாத்தணும். ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க" என்றார்.

"ஒரு வாரமா? போம்வே, நானே பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை பயணம் என்று ஒருவழியாக நாள் குறித்தாயிற்று. சனிக்கிழமையே சாமானையெல்லாம் டிக்கியில் அடுக்கி, மேலாகக் கோமதிக்கு எடுத்த சேலையை வைத்தேன். மாம்பழ மஞ்சள். கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட, அவளே வீடியோ காலில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. பிறகு கதவைப் பூட்டிவிட்டு, இரண்டு டியூப் கலக்குகிற பசையை வாங்கி, சட்டத்தைச் சுற்றி ஓர் இடுக்கு விடாமல் அப்பினேன். கதவு மூடியிருந்தால்தான் சட்டம் கோணாது என்பது என் மூளை. (கதவு ஒட்டாமலிருக்க நடுவில் பிளாஸ்டிக் தாள் வைக்கச் சொல்லியிருந்தார்களாம். வீடியோவில் அந்த இடத்தை நான் ஓட்டிவிட்டேன்.)

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தங்கையின் வீட்டுக்காரர் போன் செய்தார். "மச்சான், கோமதி எந்திரிக்க மாட்டேங்கா."

மாரடைப்பு. தூக்கத்திலேயே போய்விட்டாள்.

பிறந்த வீட்டுக் கோடி வராமல் எங்கள் பக்கம் பெண்ணைத் தூக்க மாட்டார்கள். அண்ணன் கொண்டுவரும் புதுச்சேலைதான் அவளுக்குக் கடைசிச் சேலை. "வழியில ஒண்ணு எடுத்துக்கிடுவோம்" என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. கோமதி ஆசைப்பட்ட மஞ்சள் சேலை இருக்கும்போது வேறு எதற்கு? அழுதுகொண்டே, டிரெய்லரோடு அப்படியே ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் கூட்டம். "கோடி வந்துட்டா?" என்றது ஒரு குரல்.

சாவி திரும்பியது. கதவு வரவில்லை. இழுத்தேன். வண்டியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். கைப்பிடி மட்டும் கையோடு வர, புழுதியில் மல்லாக்க விழுந்தேன். இரண்டு பேர் வந்தார்கள், நான்கு பேர் வந்தார்கள். கதவு அசையவே இல்லை. உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அதில் ஒரு அம்மாள் ராகம் மாறாமல் எடுத்துவிட்டாள்:

"சீலை கொண்டு வந்த அண்ணே... கதவு தொறக்கக் காணலியே..."

கடப்பாரை வந்தது. நெம்பியதும் ஒரு சத்தம். கதவும் சட்டமும் ஒட்டினது ஒட்டினபடியே இருக்க, உளுத்த பலகையைப் பிய்த்துக்கொண்டு மொத்தமாகக் கையில் வந்தன.

"பசை நல்ல பசைதான் வே" என்றார் கடப்பாரைக்காரர்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தங்கையின் வீட்டுக்காரர் எழுந்து வந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். "இந்த வண்டியில ஏறாம அவ போக மாட்டேங்கா மச்சான்" என்றார். செல்விக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு பீறிட்டது. எனக்கும்தான். மஞ்சள் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து அழுதேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக்கு நான் சேலை கொண்டுபோனாலும், "கடப்பாரை எடுத்து வைக்கவா?" என்றுதான் வரவேற்பு. போன வைகாசியில் செல்வியின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சேலையை மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன். மணமேடையிலேயே கேட்டாள்.

"மாமா, கடப்பாரை?"

"ஜீப்புல கெடக்கும்மா."

மண்டபமே சிரித்தது. இந்தச் சிரிப்பை முதலில் ஆரம்பித்து வைக்க வேண்டியவள்தான் இல்லை.

மறுவாரம் மணமக்களையும் செல்வியின் அப்பாவையும் டிரெய்லரில் உவரிக்கு அழைத்துப் போனேன். கடலுக்கு நேராக நிறுத்தினேன். டிக்கிக்கு இன்றுவரை கதவு கிடையாது, ஒரு தார்ப்பாயைத்தான் கட்டிவிட்டிருக்கிறேன். போய்த் திரும்பும்வரை ஒரு சாமான்கூடக் கீழே விழவில்லை.