அப்பாவின் முழங்காலுக்காக ஒரு தொட்டி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது எதற்காக என்ற கேள்விக்கு எங்கள் வீட்டுப் பின்புறத்தில்தான் கடைசியாக விடை கிடைத்தது. ஒரு குடும்பமே கழுத்துவரை மூழ்கி உட்காரக்கூடிய வெந்நீர்த் தொட்டி. அதைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு மரத்தில் ஒரு மேடை. மேடை என்றால் அண்ணன் கோபித்துக்கொள்வான். 'டெக்' என்று சொல்ல வேண்டும்.

இதை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் வாயைக் கழுவிக்கொள்ளவும். எல்லாம் அப்பாவின் முழங்கால் வலிக்காக. அண்ணன் அலுவலகத்தில் 'மன அமைதி'க் கூட்டங்கள் நடத்துகிறவன். ஆகவே வீட்டிலும் முறைப்படி கூட்டம் கூட்டினான். சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கத்தில் அவன், பக்கத்தில் அண்ணி, எதிரே நான். அப்பா தன் அறையில் படுத்திருந்தார். 'பயனாளி'யைக் கூட்டத்துக்கு அழைக்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

“வெந்நீர்ல உட்கார்ந்தா மூட்டு வலி பறந்துடும்டா. அவர் படற பாட்டைப் பார்க்க முடியல,” என்றான் அண்ணன்.

“அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?” என்றேன்.

“கேட்டா வேண்டாம்னுடுவாரு, தம்பி,” என்றாள் அண்ணி. “அப்புறம் அவர் முழங்காலுக்கு யார் பதில் சொல்றது?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கான்ட்ராக்டர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“தொட்டி வெச்சிடலாம் சார். மோட்டாரும் ஹீட்டரும் வைக்கத்தான் ஒரு ரூம் வேணும். ஈரம் படக்கூடாது, தொட்டிய ஒட்டியும் இருக்கணும்.”

தொட்டியை ஒட்டி ஒரே ஒரு அறைதான் இருந்தது. அதில் அப்பா இருந்தார்.

“அவரை மாடிக்கு மாத்திடலாம். காத்தோட்டமா இருக்கும்,” என்றான் அண்ணன்.

“பெரியவர் படி ஏறுவாரா சார்?”

“ஒரு தடவை ஏத்தி விட்டுட்டா போதுமே. தினம் ஏறி இறங்கவா போறாரு?”

இந்தத் தொலைநோக்கைக் கேட்டுக் கான்ட்ராக்டர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். நானும் அண்ணனும் அப்பாவை நாற்காலியோடு தூக்கி மாடியில் சேர்த்தோம். ஹீட்டர் அவருடைய அறையில் குடியேறியது. அதற்குப் புழுக்கம் ஆகாது என்று புது மின்விசிறி ஒன்றும் மாட்டினார்கள். அப்பா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்ததும் ஒரு மின்விசிறிதான்.

டெக்கில் ஏறப் படிகள் வைத்தார்கள். கைப்பிடி வைக்கட்டுமா என்று கான்ட்ராக்டர் கேட்டார்.

“கைப்பிடி வெச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். போட்டோல நல்லா வராது,” என்றாள் அண்ணி. முழங்கால் வலிக்காரர் ஏறப்போகும் இடம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கலாமா? நியாயம்தானே.

திறப்பு விழாவுக்கு அண்ணனின் மேலதிகாரி குடும்பத்தோடு வந்தார். எல்லோரும் தொட்டியில் இறங்கினோம். அண்ணன் மார்பளவு நீரில் எழுந்து நின்று உரை நிகழ்த்தினான்.

“இது எங்களுக்காகக் கட்டினதில்ல சார். எங்க அப்பாவோட முழங்காலுக்காக.”

“இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா,” என்று மேலதிகாரி கண் கலங்கினார். ஆவி பட்டும் கலங்கியிருக்கலாம்.

அப்போது மாடி ஜன்னல் திறந்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

“எப்படிப்பா இருக்கு?” என்று கையாட்டினான் அண்ணன்.

“ரொம்ப நல்லா இருக்குப்பா. முழங்கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. ஒத்தடம் கொடுக்கக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?”

“இப்ப மொண்டா மட்டம் இறங்கிடும்ப்பா. ஹீட்டருக்கு ஆகாது. இவங்கெல்லாம் கிளம்பட்டும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தண்ணீர் இதமாக இருந்ததால் எழுந்திருக்கவில்லை.

“வலி கிடக்கட்டும்டா, பழகிப் போச்சு. எனக்காகக் கட்டினேன்னு சொல்றத மட்டும் நிறுத்திடு,” என்று சொல்லிவிட்டு அப்பா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

தகப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை என் அண்ணன். அன்று முதல் அந்தத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு எங்களில் யாரும் அப்பாவின் பேச்சையே எடுப்பதில்லை.