கொப்பரை அழுக்கும் வெள்ளை நிலாவும்

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை பவானி வணங்கி எழுதுவது. இங்கு வீடு, வயல், மதினி எல்லாம் சுகம். மஸ்கட் வெயிலில் உங்கள் சர்க்கரை அளவோடு இருக்க வீரபாண்டி கௌமாரியம்மனை வேண்டிக்கொண்டேன். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. மதினி சொன்னதால் வேண்டினேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் மகள் மாரீஸ்வரி நிலாக் கல்லை ஆராய அகமதாபாத்தில் கிடைத்த இடத்தில் பதினைந்தாம் தேதிக்குள் சேர வேண்டும். கல்யாணம் முடியட்டும், பிறகு கல்லைப் பார்க்கலாம் என்றீர்கள். அப்படியே வெல்ல ஆலை ஒச்சாண்டி குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தது. படிப்பைப் பற்றிக் கேட்டால் ஒரே வரியில் முடி என்று மாரியிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒச்சாண்டி கேட்டார், அந்த ஒரு வரி முக்கால் மணி நேரம் ஓடியது. நிலா ஆதியில் முழுக்க உருகிய கல் குழம்பாம். ஆவியாகக்கூடியதில் பெரும்பகுதி பறந்துவிட்டதாம். ஆற ஆற, கனமானது அடியில் தங்கி, லேசானது மேலே மிதந்து உறைந்ததாம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒங்க கொப்பரையில பாகு கொதிக்கையில அழுக்கு மேல மெதக்கும்ல மாமா, அந்த மாதிரி மெதந்ததுதான் நாம பாக்குற வெள்ளை நிலா."

ஒச்சாண்டியின் மனைவி சோணையம்மாள் மாதம் தவறாமல் மூன்றாம் பிறை பார்த்துக் கும்பிடுகிறவர். காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "ஏத்தா, அப்ப நான் கும்புடுறது கொப்பரை அழுக்கையா?"

"நீ சும்மா இரு," என்றார் ஒச்சாண்டி. "ஆத்தா, கடைசி வரைக்கும் ஒறையாம நின்ன மண்டி என்னாச்சு?"

"அதுலதான் மாமா பொட்டாசும் பாஸ்பரசும் போயிச் சேந்துச்சு."

"ஏலே அருணு, கேட்டியா! அங்கன உரமே போட வேணாம்டா!"

மாப்பிள்ளை அருண்பாண்டி போனிலிருந்து தலை நிமிர்ந்தான். "தண்ணிக்கு என்னப்பா செய்வ?"

அவர்கள் போனபின் நான் மாரியைக் குடைந்தேன். நானோ கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். நானூற்றைம்பது கோடி வருடத்துக் கதையை எளிதில் நம்ப மாட்டேன். "கல்லக் கொண்டுவந்து அளந்துட்டாக அத்தை. ஆனா எப்பிடி நடந்துச்சுங்கிறதுல இன்னும் சண்டதான்" என்றாள். சண்டை இருக்கிறது என்றதும்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இன்றும் நிலா மாறுகிறதாம். சூரியனிலிருந்து வரும் ஹைட்ரஜன் அதன் மண்ணில் பதிகிறது. நம் பூமியிலிருந்து கசியும் ஆக்சிஜன்கூடக் கொஞ்சம் அங்கே போய்ச் சேர்கிறது. ஆறி இறுகிவிட்டதாக நான் முடிவுகட்டியிருந்த கல், இன்னும் எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக இது என்னை விடவில்லை.

சோணையம்மாள் ஆள் விட்டுச் சொன்னார்: "பொண்ணு தங்கம்தான், எங்க வீட்டுக்கு வேணாம்." சம்பந்தம் அதோடு போயிற்று. மாரி சாப்பிடாமல் கிடக்கிறாள். உங்கள் சொல்லை மீறி நான் எதுவும் செய்ய மாட்டேன். நிதானமாக யோசித்துப் பதில் எழுதுங்கள், காத்திருப்போம்.

மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்ளவும். அம்மன் துணை (மதினி எழுதச் சொன்னது).

தங்கை,
பவானி

பி.கு.: இதை எழுதிப் பதினொரு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். மறதியினால் அல்ல. மாரி நேற்று அகமதாபாத்தில் சேர்ந்துவிட்டாள். மதுரை ரயிலடி வரை பெட்டியைத் தூக்கி வந்தவர் ஒச்சாண்டி. உங்கள் பதிலை அவள் விலாசத்துக்கே எழுதுங்கள், பின்பக்கம் கொடுத்திருக்கிறேன்.