நூற்று நாற்பது ஓட்டும் ஒரு தையல் கடையும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் மெஷின் ஊசி என் கட்டைவிரலிலேயே இறங்கட்டும். ஏற்கெனவே மூன்று முறை இறங்கியிருக்கிறது. அது வேறு பொய்களுக்காக.

நான் இந்த ஊருக்கு வந்து முப்பத்தோரு வருஷம். குடியுரிமை என் மனைவிக்கு உண்டு, எனக்கு இல்லை. இரண்டு பேரும் ஒரே நாளில்தான் பரீட்சைக்குப் போனோம். இந்த நாட்டின் நீளமான நதி எது என்று கேட்டார்கள். அவள் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நான் விடுவேனா? "நீளம்னா எப்படி அளந்தீங்க? வளைவைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று அதிகாரியைப் பிடித்துக்கொண்டேன். நான் தையல்காரன் ஐயா, அளவென்றால் உயிரை விடுவேன். அரை மணி நேரம் கழித்து அவர் கதவைக் காட்டினார். அன்று முதல் தேர்தல் நாளில் அவள் உள்ளே போய் ஓட்டுப் போடுவாள். நான் வெளியே அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இப்படியே காலம் போயிருக்கும். நகரசபை ஒரு திட்டம் போட்டது. மேட்டுத் தெருவை அகலப்படுத்தி, மேலே ஆஸ்பத்திரி வரை பஸ் விடுவதாம். அகலம் எங்கிருந்து வரும்? என் கடையிலிருந்து வரும்.

கடை ஏழடிக்கு ஒன்பதடி. ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு கண்ணாடி, ஒரு முக்காலி. ஆனால் காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை அங்கே யாரும் என்னை "ஏங்க!" என்று கூப்பிட முடியாது. இந்த வயதில் பிழைப்பு போனால் போகிறது. போவது என் புகலிடமல்லவா! என் மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். விடிகாலையில் மேடேறிப் போய்ப் பதினோரு மணிக்கு வீடு திரும்பிவிடுவாள். பதினொன்றிலிருந்து ராத்திரி வரை நான் அவள் கண்முன் இருப்பதை நினைத்தேன். இஸ்திரிப் பெட்டி கையில் இருப்பதை மறந்தேன். ஒரு வாடிக்கையாளரின் பேன்ட் அன்று அரைக்கால் சட்டையானது.

அந்த நேரத்தில்தான் தெய்வம் கண் திறந்தது. ஐந்து வருஷம் இங்கே குடியிருக்கும் வெளிநாட்டாருக்கும் நகரசபைத் தேர்தலில் ஓட்டுக் கொடுக்கலாமா என்று குடிமக்களிடம் கேட்கப்போகிறார்களாம். எங்கள் வார்டில் என்னைத் தவிர அப்படி நூற்று நாற்பது பேர். பெருக்குபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், நோயாளியைத் தூக்கிப் படுக்க வைப்பவர்கள். அத்தனை பேரும் என்னை "அண்ணே" என்பவர்கள். நூற்று நாற்பது ஓட்டு என் சட்டைப் பையில்! கடைகளைக் காப்பாற்றுவேன் என்கிற மீசைக்காரரை ஜெயிக்க வைத்துவிட மாட்டேனா?

கோட்டுக்குக் கை குறைக்க வந்த வக்கீல் ஆட்சேபித்தார். "விருந்தாளியா வந்தவங்க வீட்டுச் சமையலறையை மாத்தலாமாய்யா?"

"முப்பத்தோரு வருஷமா அந்தச் சமையலறையில பாத்திரம் தேய்க்கிற விருந்தாளியை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா, சார்?"

வக்கீல் வாயடைத்துப் போனார். வாயில் அளவு நாடாவின் முனையைக் கொடுத்திருந்தேன் என்பதும் ஒரு காரணம்.

ஆனால் வீட்டில் ஒரு குடிமகள் இருக்கிறாளே, அவளை எப்படிச் சரிக்கட்டுவது? பத்து நாள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் பேச்செடுத்தேன்.

"ஏம்மா, எங்களுக்கெல்லாம் ஓட்டு குடுக்கலாமா வேண்டாமான்னு கேக்குறாங்களே. நீ எதுக்குப் போடுவே?"

"குடுக்கலாம்னுதான்."

"நிஜமாவா?"

"இங்கதானே இருக்கீங்க, இங்கதானே உழைக்கிறீங்க. உங்க தலையில விழுறதை நீங்களும் தீர்மானிக்க வேண்டாமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக என் கட்சியில் சேர்ந்திருக்கிறாள்.

"முட்டி வலிக்குதுங்க" என்றாள், அதே மூச்சில்.

"தைலம் தடவு" என்றேன், அதே மூச்சில்.

அவள் வெறுமே ஓட்டுப் போட்டதோடு நிற்கவில்லை. தன்னோடு வேலை பார்க்கும் குடிமக்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட வைத்தாள். தீர்மானம் ஜெயித்தது. நான் தெருவில் நின்று கைகுலுக்கினேன். தபால் பெட்டிக்கும் கை கொடுத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அடுத்தது தேர்தல். மீசைக்காரரை எதிர்த்து நின்றது பஸ் விடுவேன் என்கிற டீச்சரம்மா. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் கடையில் கூட்டம் போட்டேன். ஏழடிக்கு ஒன்பதடியில் நூற்று நாற்பது பேர். மூச்சு விடவும் முறை வைத்துத்தான் விட்டோம். எல்லோருக்கும் ஓட்டுப் பதிவுப் படிவம் நானே நிரப்பிக் கொடுத்தேன். என் மனைவி டீ போட்டுக்கொண்டு வந்தாள். என்ன மாதிரி மனைவி பாருங்கள்! டம்ளரைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எவ்வளவு தூரம் நடந்து வந்தே, தம்பி?"

"நாற்பது நிமிஷம் அக்கா."

"அடப் பாவமே. வேலைக்கும் இப்படித்தானா?"

"தினமும்தான் அக்கா."

அவ்வளவுதான். அடுத்த டம்ளருக்குப் போய்விடுவாள். நான் மீசைக்காரரின் பெருமையை ஒன்றரை மணி நேரம் பேசுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். களைத்தவன் தலை தானாக ஆடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

தேர்தல் நாள். திரைக்குப் பின்னால் தனியாக நின்றேன். "ஏங்க" இல்லை, யாருமில்லை, நானும் ஒரு பென்சிலும். மீசைக்காரருக்குக் குறி போட்டேன். ஐயா, என் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு நிம்மதி கிடையாது.

புது வாக்காளர்களுக்கென்று தனிப் பெட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் எண்ணினார்கள். எங்கள் வார்டுப் பெட்டியில் நூற்று நாற்பத்தோரு ஓட்டு. டீச்சரம்மாவுக்கு நூற்று நாற்பது. மீசைக்காரருக்கு ஒன்று. மற்ற பெட்டிகளில் மீசைக்காரர் நாற்பது ஓட்டு முன்னால் இருந்தாராம். என் ஆட்கள்தான் அவரைக் கவிழ்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"அந்த ஒண்ணு யாரா இருக்கும்?" என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே. "பாவம்."

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"எதுங்க?"

"இவங்க எல்லாம் பஸ்ஸுக்குத்தான் போடுவாங்கன்னு!"

"கார் வச்சிருக்கவங்களுக்கு எல்லாம் ஏற்கெனவே ஓட்டு இருக்கு. கோட்டு போடுறவங்கதான் உங்க கடைக்கு வர்றவங்க. ஓட்டு இல்லாதவங்க எல்லாம் நடக்கிறவங்க. நடக்கிறவங்களுக்கு ஓட்டு வந்தா பஸ்ஸைத் தவிர வேற என்ன வரும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"முட்டி வலிக்குதுன்னு சொன்னேனே."

கத்தியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். மிச்சக் காயை நான் நறுக்கினேன். அன்று தொடங்கியது இன்னும் முடியவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது பஸ் நிற்கிறது. பத்து ஐம்பது பஸ்ஸில் என் மனைவி வந்து இறங்குகிறாள். நடந்து வந்த காலத்தைவிடப் பத்து நிமிஷம் சீக்கிரம். நூற்று நாற்பது பேரும் என்னைத் தெருவில் பார்த்தால், "அண்ணே, உங்களாலதான் பஸ்ஸு வந்துச்சு!" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்த கையில் பாத்திரம் தேய்த்த வழவழப்பு.

அவர்கள் மனதில் ஒரே ஒரு உறுத்தல்தான். தங்களுக்குள் ஒருவன் மீசைக்காரருக்குப் போட்டிருக்கிறானே, அந்தத் துரோகி யார்? கண்டுபிடிக்கக் குழு போட்டிருக்கிறார்கள். என் மனைவிதான் ஒரு பெயரை முன்மொழிந்தாள், எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆகவே ஐயா, அம்மா, கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றாலும் சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் நான்தான்.