தீபக்குக்கு வந்த தாடை

“அசையாதண்ணா, தாடை வந்துட்டிருக்குது” என்றாள் சண்முகப்ரியா.

முப்பத்தைந்து வருடமாக வராத தாடை தீபக்குக்கு அன்று காலைதான் வந்துகொண்டிருந்தது. பெண் வீட்டார் அவிநாசியிலிருந்து உடுமலைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒன்பது ஜாதகம் தட்டிப்போய், இது பத்தாவது. பெண் லோகப்பிரியாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியும் கன்னம் மட்டும் இறங்கியபாடில்லை.

தப்பு தங்கையுடையது. அண்ணனின் போட்டோவைச் செல்போனில் ஒல்லியாக்கி அனுப்பிவிட்டாள். அவர்கள் உடனே ‘ஊடு பாக்க வாரோம்’ என்றதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போட்டோவில் இருக்கும் முகத்தை நேரிலும் காட்டியாக வேண்டுமே!

மேக்கப் டப்பாவைத் திறந்து, கன்னத்திலும் தாடையிலும் பழுப்புக் கோடு இழுத்துத் தேய்த்தாள். கன்னம் ஒட்டியது, கூடவே பத்து நாள் காய்ச்சலில் கிடந்த களையும் வந்தது. அதைச் சரிக்கட்ட மூக்கின்மேல் மினுமினுப்பைத் தடவினாள். மூக்கு மட்டும் தனியாக முன்னால் வந்து நின்றது. அதை அடக்கப் பவுடரைக் கொட்டினாள்.

அப்பா பாலுசாமி எட்டிப் பார்த்தார். “ஏண்டா, கூத்துக்கா போறே? போய்க் கழுவு!”

கழுவ நேரமில்லை. வாசலில் கார் வந்துவிட்டது.

கூடத்தில் எட்டுப் பேர். கரண்ட் அப்போது பார்த்துப் போய்த் தொலைந்தது. கும்பிட்டு உட்கார்ந்த தீபக்குக்கு ஐந்தே நிமிடத்தில் வியர்த்துக் கொட்டியது. வந்த தாடை சட்டைக் காலரில் இறங்கியது.

“தம்பிக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?” என்று பெண்ணின் அத்தை சென்னியம்மாள் மெல்லக் கேட்டாள்.

“இல்லீங்க, ஒரு போனுங்க...” அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினான்.

மூன்று தடவை சோப்புப் போட்டான். கறைபட்ட சட்டையைக் கழற்றிப்போட்டு, கொடியில் கிடந்த பனியனையும் லுங்கியையும் மாட்டினான். கண்ணாடியில் அதே பழைய உருண்டை முகம். பாவம், அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து எல்லோரும் தென்னந்தோப்பைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் வந்தார்கள். ஒளிய இடமில்லை. குனிந்த தலையோடு அரிவாளை எடுத்து இளநீர் சீவ ஆரம்பித்தான். எப்படியும் சம்பந்தம் போய்விட்டது, இனி எதற்குக் கூச்சம்?

“வழுக்கையா வேணுங்களா?” என்றான் லோகப்பிரியாவிடம்.

“ஆமாங்க. இத்தன மரத்துக்கும் எப்படிங்க தண்ணி கட்டறீங்க?”

இப்படி ஒரு கேள்வியை எந்தப் பெண்ணும் அவனிடம் கேட்டதில்லை. சொட்டுநீர்க் குழாயை எலி கடித்த கதை வரைக்கும் சொன்னான். அவள் இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். கிடைக்கப்போகாத பெண் இப்படியா சிரிக்க வேண்டும் என்று அவனுக்கு நெஞ்சு வலித்தது.

கிளம்பும்போது சென்னியம்மாள் பாலுசாமியைத் தனியாகக் கூப்பிட்டாள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று தீபக் ஒட்டுக்கேட்டான்.

“ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. மாப்பிள்ளைய எங்க புள்ளைக்குப் புடிக்கலீங்க. எளநி வெட்டுன அந்தத் தம்பி உங்களுக்குச் சொந்தமுங்களா? அவருக்குன்னா இன்னைக்கே பூ வெச்சுக்கலாங்குது!”