நாற்பத்தொன்றாவது குறை

ஜூன் 16, காலை 10.50. கண்டுபிடித்த குறைகள்: 41. விடுதிக்கு வெளியே நிற்பவர்கள்: என்னையும் சேர்த்து ஒன்பது பேர்.

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

நான் நலம், இந்த வரி எழுதும்வரை. நீங்களும் சித்தியும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டு வயரிங் நான் செய்தது.

மின்ஆய்வாளராக முப்பது வருஷம் இருந்த நீங்கள், முதல் ஆய்வுக்குக் கிளம்பிய என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "போற இடத்துல பல்லைக் காட்டாதே, டீ குடிக்காதே, குறையைக் குறைன்னு எழுது." அப்படியேதான் வந்தேன். பழைய போர்க்களத்து ஓரத்தில் ஒரு விடுதி. எதிரே நினைவுத்தூண், பின்னால் பதுங்குகுழி. இன்னும் பன்னிரண்டு நாளில் நினைவு நாள். தூணுக்குப் பூ வைக்க வருகிறவர்கள் வருஷா வருஷம் இங்கேதான் தங்குவார்களாம். உரிமம் கூடாது என்று நான் எழுதினால் விடுதிக்குப் பூட்டு. அதைத்தான் எழுதப்போகிறேன், ஏன் என்று கேளுங்கள்.

வந்த அன்றே குளியலறைக் குழாயைத் தொட்டேன், சுள்ளென்று முழங்கைவரை ஏறியது. துண்டோடு ஓடிவந்தால், விடுதியை நடத்தும் வீட்டுக்காரம்மா பதறவே இல்லை. "ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு குளிக்கணும்னு கதவுல ஒட்டியிருக்கேனே, படிக்கலியா தம்பி? இல்லேன்னா இடது கையால தொறங்க, ஒண்ணும் பண்ணாது" என்கிறார். இடது கையாம்! மின்சாரத்துக்கு இடது வலது தெரியுமா? கூடத்தில் பீரங்கிக் குண்டின் பித்தளை உறையில் ஓட்டை போட்டு டேபிள் லேம்ப் செய்து வைத்திருக்கிறார்கள், அது ஏழாவது குறை. காலை ஆறு மணிக்கு மாடியறைக்காரர், ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், தூணைப் பார்த்து பியூகிள் ஊதுகிறார். அது மின்குறை இல்லை என்பதால் எழுத முடியவில்லை, வருத்தம்தான்.

நாற்பத்தொன்றாவது குறைதான் பெரியது: வீட்டுக்கு எர்த் இல்லை, கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழியே இல்லை. கேட்டால் வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் என்மேல் இல்லை, இறந்துபோன கணவர்மேல். "நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எர்த் போட்டாச்சுன்னார் தம்பி. எங்கேன்னா சிரிக்கிறார். இந்த ஊர்ல மம்முட்டி எடுத்தாலே வெடிகுண்டு ஆபீசுக்கு போன் பண்ணணும், இன்னும் மண்ணுக்குள்ள குண்டு கிடக்கு. யாரும் வந்த மாதிரி இல்ல. ஒரு அலமாரிக் கதவை மாட்ட ஒன்பது மாசம் எடுத்த மனுஷன்! பொய் சொல்லாதீங்கன்னுட்டேன். அடுத்த மாசம் போயிட்டார். ஆறு வருஷம் ஆச்சு, கடைசியா போட்ட சண்டை அதுதான்."

சரி, நானே எர்த் குழி வெட்டிக் காட்டலாம் என்று பார்த்தால், குண்டுக்காரர்கள் வர இரண்டு நாளாகும் என்றார்கள். என் பொறுமைதான் உங்களுக்குத் தெரியுமே! மீட்டருக்கு நேராக, சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி இடம் பார்த்தேன். அங்கே ஒரு காய்ந்த ரோஜாக்குச்சி. தினமும் அம்மா அதற்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறார். "செத்த செடிக்கு எதுக்கு?" என்றேன். "அவர் ஊத்தச் சொன்னது. நாலு செடி மாத்திட்டேன், ஒண்ணும் பிழைக்கல. தண்ணியை மட்டும் நிறுத்தல." இன்று காலை அவர் முதல் வாளி ஊற்றிவிட்டு உள்ளே போனதும் குச்சியைப் பிடுங்கிவிட்டுத் தோண்டினேன். இரண்டடியில் மண் கறுப்பு. கருமருந்து! அடுத்த வெட்டில் டங்கென்று இரும்பு. மம்முட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். எல்லாரையும் நானே கத்தி வெளியேற்றினேன். பியூகிள்காரர் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு அபாய ஊதல் ஊதிக்கொண்டே சாலையைக் கடந்தார். அவசரம் என்றதும் குண்டுக்காரர்கள் இருபதே நிமிடத்தில் வந்துவிட்டார்கள். இப்போது தூணின் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்.

என் முடிவு மாறாது: உரிமம் கிடையாது. சித்திக்கு என் வணக்கம், தங்கைக்கு என் ஆசி. நான் திரும்பி வராவிட்டால் என் மல்டிமீட்டர் அவளுக்கு.

தங்கள் சொல் தட்டாத,
மூத்த அண்ணன் மகன்

பின்குறிப்பு, மாலை 3.20: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

குண்டு அதிகாரி ஒரு கறுப்புக் கட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். "இது என்ன இன்ஜினியர்?" "கருமருந்து சார்." "அடுப்புக்கரி. பக்கத்துல இருக்கிற வெள்ளையை நாக்குல வெச்சுப் பாருங்க." உப்பு. கரி, உப்பு, நடுவில் இரும்புக் குழாய். மூன்றாம் செமஸ்டரில் இதே எர்த் குழியைப் படம் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியவன் நான்!

அந்த மனுஷர் எர்த் போட்டுத்தான் இருக்கிறார். குழாயிலிருந்து மீட்டருக்குப் போகும் கம்பி, சுவருக்குள் ஒரு சாண் துருப்பிடித்து அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். அளந்தேன்: 0.9 ஓம். குறையக் குறைய நல்லது, நம் ஆபீசிலேயே மூன்று. உப்பு மண்ணில் செடி எப்படிப் பிழைக்கும்? ஆனால் எர்த்துக்கு ஈரம் வேண்டும். ஆறு வருஷமாகத் தண்ணீர் ஊற்றி அதைக் காப்பாற்றியது இந்த அம்மாதான். அதை அவரிடமே சொன்னேன்.

குழிக்குள் எட்டிப் பார்த்தார். "போன் பண்ணாம தோண்டினேன்னு சொல்லியிருந்தா நான் கத்தித்தான் இருப்பேன்" என்றார். "அதான் சிரிச்சிருக்கார், திருட்டு மனுஷன்." பிறகு எழுந்துபோய், இன்றைக்கு ஊற்றாமல் விட்ட இரண்டாவது வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார்.

இனி நான் செய்யப்போவது:

1. அந்த ஒரு சாண் கம்பியை இன்றே மாற்றுவது.
2. மற்ற நாற்பது குறைகளையும் பக்கத்திலேயே நின்று சரிசெய்ய வைப்பது. பன்னிரண்டு நாள் போதும். லீவுக்கு நீங்கள்தான் மேலிடத்தில் சொல்ல வேண்டும்.
3. டேபிள் லேம்பைப் பிடுங்குவது. அம்மா விடமாட்டார், சண்டை உண்டு.
4. பியூகிளை ஏழு மணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது.
5. எர்த் குழிக்கு விதிப்படி பலகை வைப்பது. அதில் போட்டவர் பெயர் ஒன்று, தண்ணீர் ஊற்றியவர் பெயர் ஒன்று.
6. உங்கள் பேச்சில் ஒன்றைத் தட்டுவது. டீ வந்துவிட்டது.