நூறாவது காட்சிப்பொருள்

ஒரு காட்டில் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. காடு என்றால் சிங்கம் இருக்குமே என்பீர்கள். இருந்தது. அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை. வேலை இல்லாதவர்கள் இந்தக் கதையில் ஏற்கெனவே நிறையப் பேர்.

அருங்காட்சியகம் மிகச் சிறியது. ஒரு பாறைக் குகை, மூன்று அலமாரி, மனிதர்கள் விட்டுப்போன தொண்ணூற்றொன்பது பொருள்கள், ஒரே ஒரு பதவி. அந்தப் பதவிக்குக் காப்பாட்சியர் என்று பெயர். கதவு திறப்பது, சீட்டுக் கிழிப்பது, ஒட்டடை அடிப்பது, அந்துருண்டை போடுவது, பெரிய அதிகாரிகள் வந்தால் கும்பிடுவது எல்லாம் அவர்தான். நூற்றுப் பன்னிரண்டு வயது ஆமை தாண்டவராயன் அதில் உட்கார்ந்திருந்தது. முதுமை வந்ததும் ஓய்வு பெற வேண்டும் என்பது காட்டுச் சட்டம். ஆமைக்கு முதுமை நூற்றெண்பதில்தான் ஆரம்பம் என்று தாண்டவராயன் டாக்டர் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தது.

இந்த ஒரு பதவிக்கு ஆள் தயார்செய்ய ஒரு பல்கலைக்கழகமே இருந்தது. சிறு அருங்காட்சியக மேலாண்மையில் இரண்டு வருட முதுகலைப் படிப்பு. நடத்தியது ஒரு நரி. வருடத்துக்கு நாற்பது பேர் பட்டம் வாங்கி வெளியே வந்தார்கள். வந்து என்ன ஆனார்கள் என்று நரியிடம் கேட்டால், அது பட்டமளிப்பு விழாப் புகைப்படத்தை எடுத்துக் காட்டும்.

அந்த வருடம் முதல் மதிப்பெண் வாங்கியது பூவழகி என்ற கீரி. பாடத்தில் ஒரு வரி விடாமல் மனப்பாடம். கையுறை போடாமல் தன் வாலைக்கூடத் தொடாது. அதை மூன்று மாதப் பயிற்சிக்கு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள்.

முதல் நாளே கீரி கேட்டது: "சார், நீங்க எப்ப ரிட்டயர் ஆவீங்க?"

"இன்னும் அறுபத்தெட்டு வருஷம் கிடக்கும்மா. என்ன அவசரம்?"

கீரி பத்துப் பன்னிரண்டு வருடம் உயிரோடு இருந்தாலே பெரிய விஷயம். அதில் இரண்டைப் படிப்புக்குக் கொடுத்தாகிவிட்டது.

பயிற்சி என்ன பயிற்சி? ஆமை எழுதிவைத்த விளக்கச் சீட்டுகளைச் சரிபார்ப்பதுதான். ஒற்றை ரப்பர் செருப்புக்குக் கீழே, 'மனிதனின் ஓடு. வளர்ந்ததும் கழற்றிவிடுவான்' என்று எழுதியிருந்தது. நான்கடுக்கு டிபன் கேரியருக்குக் கீழே, 'மனிதன் முட்டையிடும் இடம்.' கீரி இரண்டையும் அடித்துத் திருத்தியது. மறுநாள் பார்த்தால் பழைய சீட்டே தொங்கியது.

"சார், இது தப்பு சார்."

"தப்புதான். ஆனா ஜனங்க இதைத்தான் நின்னு படிக்குறாங்க. நீ எழுதினதை யாரு படிச்சா?"

யாரும் படிக்கவில்லை. கீரிக்கு அதுவும் கோபம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆமை செருப்புக்கும் டிபன் கேரியருக்கும் நடுவில் இரண்டாவது அலமாரியில் ஏறி, தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, சாயங்காலம் வரை தூங்கும். ஒரு நாள் முயல் டீச்சர் ஒருத்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஆமையின் முன்னால் நின்றாள்.

"இதுக்கு ஏன் சீட்டு வைக்கல?"

"அது பொருள் இல்லைங்க மேடம். எங்க ஆபீசர்."

"அப்படியா? அசையவே இல்லையே" என்று சொல்லிவிட்டு, நோட்டில் வரைந்துகொள்ளும்படி பிள்ளைகளிடம் சொன்னாள் டீச்சர்.

அவர்கள் போன பிறகு கீரி வெகுநேரம் அதே இடத்தில் நின்றது. நரி நடத்திய முதல் பாடம் அதற்கு நினைவு வந்தது: பதிவேட்டில் ஏறாத பொருள் இல்லாத பொருள், ஏறிய பொருளை எவராலும் இறக்க முடியாது. நன்றாகப் படித்த பிள்ளைகளைக் கண்டாலே எனக்குப் பயம். அவர்கள் பாடத்தை நம்பிவிடுகிறார்கள்.

கீரி கையுறையை மாட்டியது. ஆமையை மெதுவாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் 100 என்று எழுதியது. பதிவேட்டைத் திறந்து எழுதியது: 'ஆமை ஒன்று. ஆண். முழுமையானது. ஓரத்தில் லேசான கீறல். கிடைத்த இடம்: இரண்டாவது அலமாரி.'

ஆமை கண்விழித்துப் பதிவேட்டைப் படித்தது. கடித்துவிடுமோ என்று கீரி ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"காட்சிப்பொருளுக்கு என்னம்மா வேலை?" என்றது ஆமை.

"சும்மா இருக்கணும் சார்."

"காலைல கதவு திறக்கணுமா?"

"வேணாம்."

"லீவு லெட்டர்?"

"அதெல்லாம் எதுக்கு சார்?"

"அடடா. இதை ஏம்மா இத்தனை நாளா யாரும் எனக்குச் சொல்லல?" என்று சொல்லிவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. காட்டில் முதல்முறையாக ஒரு பதவி காலியானது.

பூவழகி அன்றே விண்ணப்பம் எழுதியது. படிவம் பதினாறு பக்கம், மூன்று பிரதி. எட்டாம் நாள் ஆய்வாளர் கொக்கு வந்தது. ஒற்றைக் காலில் நின்றபடியே பதிவேட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டியது.

"நூறு" என்றது கொக்கு. "ரொம்ப சந்தோஷம்மா. நூறு பொருள் சேர்ந்துட்டா இது நடுத்தர அருங்காட்சியகம். போர்டை மாத்தணும்."

"மாத்திடலாம் சார். என் வேலை?"

"உங்க பட்டம் சிறு அருங்காட்சியகத்துக்குத்தானே? இங்க செல்லாதேம்மா."

கீரி அலமாரிப் பக்கம் ஓடியது. "அப்ப ஒரு பொருளை எடுத்துடலாம் சார். அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுடறேன்."

"ஏறினதை எப்படிம்மா இறக்குறது? உங்க பாடத்துலயே இருக்குமே" என்று வருத்தத்தோடு சொல்லி, படிவத்தில் 'தகுதியானவர் இல்லை' என்று எழுதிவிட்டுக் கொக்கு பறந்துபோனது. குகைக் கதவைப் பூட்டினார்கள். உள்ளே ஆமை நிம்மதியாகத் தூங்கியது.

கீரி அழுதுகொண்டே நரியிடம் ஓடியது. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, "என் வாழ்க்கையை நானே கெடுத்துக்கிட்டேன் சார்" என்றது.

நரி எழுந்து வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டது. "கெடுத்தியா? நடுத்தர அருங்காட்சியகமா ஆயிடுச்சுன்னா சொல்றே? அதுக்கு இந்தக் காட்டுல ஒரு படிப்பே கிடையாதேம்மா. திங்கக்கிழமை ஆரம்பிச்சுடுவோம். நீதான் நடத்துறே."

"எனக்கே அந்தப் பட்டம் இல்லையே சார்."

"நடத்துறவங்களுக்குப் பட்டம் எதுக்கு? வேலைக்குப் போறவங்களுக்குத்தானே வேணும்."

"அப்ப நீங்க?"

நரி பட்டமளிப்பு விழாப் புகைப்படத்தை எடுத்துத் துடைத்தது. "நானும் அந்தக் குகைல மூணு மாசம் ஒட்டடை அடிச்சவன்தாம்மா" என்றது. "அந்த ஆமை என்கிட்டயும் எழுபதோ எழுபத்தஞ்சோ, ஏதோ ஒரு கணக்குதான் சொல்லுச்சு."

திங்கட்கிழமை வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். எல்லார் கையிலும் புதுக் கையுறை. முன்வரிசையில் இருந்த அணில் எழுந்து, "மேடம், படிச்சு முடிச்சா வேலை இருக்கா?" என்று கேட்டது.

பொய் சொல்லும் பழக்கம் பூவழகிக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

"இருக்கு" என்றது. "காலியாவே இருக்கு."

நாற்பது பேரும் சந்தோஷமாக நோட்டைத் திறந்தார்கள்.

நீதி: இருப்பது ஒரே ஒரு நாற்காலி என்றால் அதில் உட்கார அலையாதீர்கள், உட்காருவது எப்படி என்று வகுப்பு எடுங்கள்.